நானே போட்டு வைத்த டிக்

பொன்னாடை என்று ஒன்றைப் போர்த்துவார்களே, அந்த நைலான் துணி கழுத்தில் பட்டதுமே அரிக்கத் தொடங்கியது. இருந்தாலும் அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் எல்லாவற்றையும் முன்பே மோப்பம் பிடித்துவிட்ட புத்திசாலி மாதிரி எழுதிக்கொண்டே போவேன். மேடையில் பல்லை இளித்துக்கொண்டு நிற்கிற அந்தப் போட்டோ இன்னும் என் போனில் இருக்கிறது. பார்க்கும்போதெல்லாம் குமட்டுகிறது. ஆனாலும் அழிக்கவில்லை.

சேந்தமங்கலத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்சந்தில் எனக்கு ஒரு பிரவுசிங் சென்டர். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், பட்டா நகல் எல்லாவற்றுக்கும் ஆன்லைனில் எழுதிக் கொடுப்பேன். ஜெராக்ஸ் மெஷின் ஒன்று உண்டு. நடுநடுவே கோழிப்பண்ணைக்காரர்களுக்கு வெப்சைட் செய்து கொடுத்திருக்கிறேன். முட்டை படம் ஒன்று, முதலாளி படம் ஒன்று, கீழே போன் நம்பர். அதற்கு மேல் அவர்களுக்கும் ஒன்றும் வேண்டியதில்லை. என் சொந்த ஊர் மேலே கொல்லிமலையில், பெரக்கரை நாட்டில் இருக்கிறது. கல்யாணமாகிக் கீழே வந்தேன். ஆனால் மலையிலிருந்து இறங்குகிறவர்கள் யாராக இருந்தாலும் நேராக என் கடைக்குத்தான் வருவார்கள்.

அப்படி வந்த பிள்ளைகளைப் பார்த்துத்தான் எனக்கு எரிச்சல் கிளம்பியது. பாடப்புத்தகம் இலவசம், பழைய கேள்வித்தாள் இலவசம், வீடியோ இலவசம் என்று ஆளாளுக்கு மார்தட்டிக்கொள்கிறார்கள். இலவசம்தான், யார் இல்லை என்றது? பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் புத்தகத்தை ஒரே ஃபைலாகத் தூக்கி இணையத்தில் ஏற்றி வைத்திருப்பார்கள். எங்கள் ஊரில் பாறை மேல் ஏறி நின்றால் சிக்னல் ஒரு கோடு காட்டும். ஃபைல் முக்கால்வாசி இறங்கும்போது மேகம் வந்து மூடும். கோடு போய்விடும். மறுபடியும் முதலிலிருந்து இறக்க வேண்டும். அதற்காகவே ஒரு பிள்ளை பஸ் ஏறி, மலைப்பாதை வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்துக்கொண்டு, என் கடைக்கு வந்து நிற்கும். பார்க்கவே வயிறு எரியும்.

அதனால் நானே ஒரு வெப்சைட் கட்டினேன். புத்தகங்களைப் பாடம் பாடமாகப் பிரித்தேன். ஒவ்வொரு பாடத்தையும் பத்துப் பத்துப் பக்கமாக அறுத்து எடையைக் குறைத்தேன். படங்கள் கருப்பு வெள்ளை. விளம்பரம் கிடையாது, ஆடுகிற பொம்மை கிடையாது. பட்டியலைத் தொட்டால் பாடம் வரும், பாதியில் நின்றால் விட்ட இடத்திலிருந்து இறங்கும். அவ்வளவுதான். நெட்டே கிடைக்காத ஊர்களுக்கு எல்லாவற்றையும் மெமரி கார்டில் ஏற்றி ஜீப்பில் கொடுத்தனுப்பினேன். கடையில் ஆள் இல்லாத மத்தியானங்களில் செய்த வேலை. முழுசாக ஒரு வருஷம் பிடித்தது.

அந்த வெப்சைட்டை முதன்முதலில் ஒழுங்காகப் படித்தவள் என் ஊர்ப் பெண் ஒருத்தி. அப்போது பதினொன்றாவது. அவள் பள்ளியில் வேதியியலுக்கு வாத்தியார் இல்லை. மாற்றலாகிப் போனவருக்குப் பதிலாக ஒருவரும் வரவில்லை. அப்பாவும் அம்மாவும் வருஷத்தில் பாதி நாள் குடகில் காப்பித் தோட்டத்து வேலையில் இருப்பார்கள். இவள் மரவள்ளிக் காட்டையும் பார்த்துக்கொண்டு படிப்பையும் பார்த்துக்கொண்டாள். வாரம் ஒரு தடவை பாறையிலிருந்து போன் வரும்.

"அக்கா, மூணாம் பாடத்துல நாலாவது பக்கம் தலைகீழா இருக்குதுங்க."

"தலைகீழா நின்னு படி" என்பேன்.

"போனத் திருப்புனாப் பக்கமும் கூடவே திரும்பிக்குதுங்கக்கா. மாத்தி வெச்சிருங்க."

மாற்றி வைப்பேன். இப்படி அவள் கண்டுபிடித்துச் சொன்ன தப்புகள் ஒரு நோட்டு நிறைய இருக்கும். வாத்தியாரே இல்லாமல் இந்தத் துண்டு துண்டான பக்கங்களைப் படித்தே அவளுக்கு வேதியியல் பிடித்துப்போனது. நாமக்கல்லில் அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் சேர வேண்டும், பி.எட். முடித்துவிட்டு அதே பள்ளிக்கூடத்துக்கு வாத்தியாராக வர வேண்டும் என்று தீர்மானமாகச் சொன்னாள். வேறு படிப்பு எதையும் பேச்சுக்குக்கூட எடுக்க மாட்டாள். தனியார் கல்லூரிக்கு வழியில்லை என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பரீட்சை நேரத்தில் கூட்டம் தாங்காமல் வெப்சைட் நின்றுபோனது. சர்வரில் நான் வாங்கியிருந்த இடம் அவ்வளவுதான் தாங்கும். கையைப் பிசைந்துகொண்டிருந்தபோதுதான் ஒரு கல்வி டிரஸ்ட்டின் மேனேஜர் கடைக்கு வந்தார். இஸ்திரி கலையாத சட்டை. வாய் நிறைய 'மேடம்'. பெரிய சர்வர் தருகிறோம், நீங்கள் சேவையைத் தொடருங்கள், பதிலுக்கு எங்கள் பெயர் மட்டும் மேலே இருந்தால் போதும் என்றார். அந்த டிரஸ்ட்டுக்குச் சமவெளியில் ஒரு கல்லூரி இருப்பது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்திருந்தும் அதை யோசிக்கவில்லை. அதற்கப்புறம்தான் விழா, ஃபிளெக்ஸ், பொன்னாடை எல்லாம். மலைப் பிள்ளைகளை மத்தியான வெயிலில் வரிசையாக உட்கார வைத்து, 'எளியோருக்கும் கல்வி' என்று ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். கடைசியில் ஆளுக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட்.

அடுத்த வாரம் மேனேஜர் ஒரு ஃபாரம் அனுப்பினார். வெப்சைட்டுக்குள் நுழைகிற பிள்ளை பெயர், ஊர், வகுப்பு, போன் நம்பர், அப்பா என்ன வேலை என்றெல்லாம் எழுத வேண்டும். கடைசியில் ஒரு சின்னக் கட்டம். 'என் விவரங்களைப் பகிரவும் சேர்க்கை நடவடிக்கை மேற்கொள்ளவும் சம்மதிக்கிறேன்' என்று பக்கத்தில் எழுதியிருந்தது. அதில் டிக் போட்டால்தான் கதவு திறக்கும். எனக்குச் சுருக்கென்றது. "இது எதுக்குங்க?" என்று கேட்டேன். "சும்மா ஃபார்மாலிட்டி மேடம்" என்றார். ஃபார்மாலிட்டி என்று எவனாவது சொன்னால் அங்கேயே நிற்க வேண்டும் என்பது பத்து வருஷமாகச் சான்றிதழ் எழுதிக் கொடுக்கிறவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சர்வர் போய்விடுமே என்ற பயத்தில் தலையை ஆட்டினேன்.

சின்னத் திரையில் அந்தக் கட்டத்தைத் தொடத் தெரியாமல் பிள்ளைகள் திணறினார்கள். விரலுக்கு அகப்படாத அளவுக்கு இருந்தது அது. "அக்கா, உள்ள வுட மாட்டீங்குதுங்க" என்று போன் மேல் போன். நான் உட்கார்ந்து, கட்டத்தில் டிக் முன்கூட்டியே விழுந்திருக்கும்படி மாற்றினேன். பிள்ளைகளுக்கு ஒரு வேலை மிச்சம் என்று நினைத்தேன். ஒரே ஒரு வார்த்தை சேர்த்தால் போதும், அரை நிமிஷ வேலை. செய்து முடித்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

பிறகு மேனேஜரிடமிருந்து போன். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே நம்பர் பதிவாகியிருக்கிறதே, ஏன் என்று கேட்டார். அது ஊரில் மாமா ஒருவரின் நம்பர். எனக்கு ஒன்றுவிட்ட உறவு, மிளகு வியாபாரம். ஊரில் ஒட்டு மொத்தத்துக்கும் அவர் வீடு ஒன்றுதான் கான்கிரீட். மொட்டை மாடியில் சிக்னல் வரும். அதனால் யார் போன் நம்பர் கேட்டாலும் எல்லோரும் அவர் நம்பரைத்தான் கொடுப்பார்கள். போன் மட்டுமா? ஊர்க் காகிதமெல்லாம் அவர் வீட்டு இரும்பு பீரோவில்தான் இருக்கும். ஓட்டு வீட்டிலும் தகர வீட்டிலும் ஐப்பசி மழைக்குத் தலையணைக்கே பூஞ்சை பிடிக்கும். அதனால் மதிப்பெண் பட்டியல், டிசி, ரேஷன் கார்டு, பட்டா என்று எல்லாவற்றையும் கவரில் போட்டு, வீட்டுக்கு ஒரு நிறத்தில் துணிக் கிழிசலைச் சுற்றி, அவரிடம் கொடுத்துவிடுவார்கள். ரசீது கிடையாது, யாரும் கேட்டதும் கிடையாது.

இன்னொரு பழக்கமும் உண்டு. ஆபீஸிலிருந்து யாராவது வந்து காகிதம் கேட்டால் அசலைத்தான் கொடுக்க வேண்டும். ஜெராக்ஸ் கொடுப்பது மரியாதைக் குறைவு. நம் வீட்டுக்கு வந்தவரை நம்பவில்லை என்று ஆகிவிடுமாம். ஜெராக்ஸ் கடைக்காரியான நான் மாமாவிடம் இதற்காக எத்தனையோ தடவை சண்டை பிடித்திருக்கிறேன். "குடுத்த காயிதம் எங்க கண்ணு போயிரும்? ஆபீஸ்ல தான இருக்கும்" என்பார்.

இதையெல்லாம் அந்த மேனேஜரிடம் நான் சிரிக்கச் சிரிக்கச் சொன்னேன். எங்கள் ஊர் வேடிக்கை என்று சொன்னேன். பீரோ, துணிக் கிழிசல், அசல், ஜெராக்ஸ் எல்லாம் ஒன்று விடாமல். அவரும் ரசித்துக் கேட்டார். "ரொம்ப இன்ட்ரஸ்டிங் மேடம்" என்றார். நடந்ததிலேயே இதை நினைக்கும்போதுதான் என் நாக்கை இழுத்து வைத்து அறுக்கலாமா என்று இருக்கிறது. யாரும் மிரட்டிக் கேட்கவில்லை. நான்தான் பெருமை பீற்றிக்கொண்டு வீட்டுச் சாவியையே எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

பிளஸ் டூ ரிசல்ட் வந்தது. அந்தப் பெண் நல்ல மார்க். வேதியியலில் பள்ளிக்கே அவள்தான் முதல். அரசுக் கல்லூரிக்கு என் கடையில் உட்கார்ந்துதான் விண்ணப்பம் போட்டாள். தரவரிசைப் பட்டியல் வந்தபோது, பழங்குடியினருக்கு உள்ள இடத்தில் வேதியியல் அவளுக்குக் கிடைக்கும் என்று கணக்குப் போட்டுச் சொன்னேன். ஒரே ஒரு இடம்தான் இருந்தது. அவளுக்கு முன்னால் இருந்தவர்கள் எல்லோரும் வேறு படிப்பு கேட்டிருந்தார்கள். கலந்தாய்வுக்கு அசல் டிசி வேண்டும் என்று குறுஞ்செய்தி வந்தது. மேலே போய் எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று பஸ் ஏறினாள்.

சாயங்காலம் பாறையிலிருந்து போன் செய்தாள்.

"அக்கா, என்ற கவரு பீரோவுல இல்லீங்க."

"நல்லாப் பாரு."

"பாத்துட்டேனுங்க. பன்னெண்டாவது முடிச்ச ஒம்பது பேரு கவரும் இல்லீங்க. வெப்சைட்டுக்காரங்க ஜீப்புல வந்து வாங்கிட்டுப் போனாங்கன்னு மாமா சொல்றாருங்க. நீங்க அனுப்புனீங்களாமா?"

மாமாவைக் கூப்பிடச் சொன்னேன். அவர் நிதானமாகப் பேசினார். "நம்ம வெப்சைட்டுல இருந்து வாரோம்னாங்க கண்ணு. உன்ற பேரச் சொன்னாங்க. காப்பித்தண்ணி வெச்சுக் குடுத்தேன். காலேஜுல சேக்கறதுக்குன்னு கேட்டாங்க, எடுத்துக் குடுத்துட்டேன். ஏன், ஏதாச்சும் தப்பா?" என்றார். இல்லை மாமா, பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். கலந்தாய்வுக்கு இரண்டு நாள் இருந்தது.

மறுநாள் காலையிலேயே அவளைக் கூட்டிக்கொண்டு அந்தக் கல்லூரிக்குப் போனேன். வாசலிலேயே என் வெப்சைட்டின் பெயரைப் போட்டுப் பெரிய ஃபிளெக்ஸ், 'எங்கள் இலவசக் கல்விச் சேவை' என்று. உள்ளே ஒரு ஹாலில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு ஊராகப் போன் செய்துகொண்டிருந்தார்கள். "பாப்பா எவ்வளவு மார்க்குங்க? எந்தக் காலேஜ் பாத்திருக்கீங்க?" என்று ஒரே பாட்டு. காத்திருக்கச் சொன்ன நாற்காலியிலிருந்து பார்த்தால் ஒருத்தியின் கம்ப்யூட்டர் திரை தெரிந்தது. அது என் ஃபாரம்தான். பெயர், ஊர், அப்பா வேலை. கடைசியில் அவர்களாகச் சேர்த்துக்கொண்ட ஒரு கட்டத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் எதிரே 'ஹாட்', 'வார்ம்', 'கோல்டு' என்று எழுதியிருந்தார்கள். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்து விலை சொல்கிற மாதிரி. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணின் பெயருக்கு எதிரே 'ஹாட்'. சீ என்று வந்தது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

அவளும் அதைப் படித்திருந்தாள். "அக்கா, ஹாட்டுன்னா என்னங்க?" என்று கேட்டாள்.

"சேந்துருவாங்கன்னு நெனக்கற புள்ளைங்களாம்."

"நான் சேரறேன்னு சொல்லவே இல்லீங்களே" என்றாள்.

மேனேஜர் வந்தார். அதே இஸ்திரி, அதே 'மேடம்'. குழந்தைக்கு நல்லது செய்யத்தான் இடத்தைப் பிடித்து வைத்தோம், இவ்வளவு தூரம் வந்தீர்களே, ஒரு போன் போட்டிருக்கக் கூடாதா என்று குழைந்தார். கத்தினேன். அந்த ஹாலில் இருந்த பெண்கள் எல்லாம் ஹெட்போனைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்கள். அவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. 'என் சொந்த விருப்பத்தின் பேரில் கல்லூரியிலிருந்து விலகுகிறேன்' என்று எழுதிக் கொடுத்தால் கவரை இப்போதே தருகிறேன் என்றார்.

"நான் சேரவே இல்லீங்க. எப்படிங்க வெலகறது?" என்று கேட்டாள் அவள். சரியான கேள்வி. நான்தான் அவசரப்படுத்தினேன். "எழுதிக் குடுத்துரு கண்ணு. டிசி கைக்கு வந்தாப் போதும்" என்றேன். குண்டு குண்டான எழுத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மஞ்சள் துணி சுற்றிய கவர் வந்தது. பேரை சிஸ்டத்திலிருந்து எப்போது எடுப்பீர்கள் என்று அந்தச் சமயத்தில் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அவராகவே "சிஸ்டத்துல எடுத்துருவோம் மேடம், கவலப்படாதீங்க" என்றார். எந்த சிஸ்டம் என்று புரியாமலே சரி என்றேன். வெளியே வந்து இரண்டு பேரும் கரும்பு ஜூஸ் குடித்தோம். மற்ற எட்டுப் பேரில் பாதிப் பேர் பிற்பாடு அங்கேயே சேர்ந்தார்கள், மீதிப் பேர் அலைந்து திரிந்து கவரை வாங்கிக்கொண்டார்கள். அன்றைக்கு என் தலையில் இவள் ஒருத்திதான் இருந்தாள்.

கலந்தாய்வு அன்று காலை பத்து மணிக்கே போய்விட்டோம். பெரிய கூடம், மின்விசிறி ஓடுகிற சத்தம். பன்னிரண்டரைக்கு அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். மேசைக்குப் பின்னால் ஒரு பேராசிரியை அம்மா. கவரைப் பிரித்து ஒவ்வொன்றாகப் பார்த்து, "கெமிஸ்ட்ரில நல்ல மார்க் வாங்கியிருக்கியேம்மா" என்று சிரித்தார். அந்த இடம் அப்போது காலியாகத்தான் இருந்தது. கம்ப்யூட்டரில் நம்பரைத் தட்டினார். திரும்பவும் தட்டினார். சிரிப்பு போய்விட்டது.

"நீ ஏற்கெனவே ஒரு காலேஜ்ல சேந்திருக்கியேம்மா. யூனிவர்சிட்டி சிஸ்டத்துல உன் பேரு அங்க ஏறியிருக்கு. அவங்க எடுத்துவிட்டாத்தான் நாங்க இங்க ஏத்த முடியும்."

"நான் சேரலீங்க மேடம். எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேனுங்க."

"எழுதிக் குடுத்ததுக்கு நகல் வச்சிருக்கியா? அவங்க கையெழுத்துப் போட்டது?"

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். ஜெராக்ஸ் எடுத்து எடுத்தே காலம் தள்ளுகிறவள் நான். ஊரிலிருக்கிற மாமாவுக்கு அத்தனை உபதேசம் செய்தவள். அந்த ஒற்றைத் தாளை நகல் எடுத்துக்கொள்ளவில்லை. "இல்லீங்க" என்றேன்.

அந்த அம்மா நல்ல மாதிரி. மூன்று மணி வரைக்கும் அந்த இடத்தை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறேன், அதற்குள் அவர்களைப் பெயரை எடுக்கச் சொல்லுங்கள் என்றார். வெளியே வராண்டாவில் நின்று மேனேஜருக்குப் போன் போட்டேன். ஏழெட்டுத் தடவை எடுக்கவில்லை. எடுத்தபோது மணி இரண்டு. சுற்றிலும் ஒரே இரைச்சலாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அவள் பக்கத்திலேயே நின்றாள்.

"டேட்டா டீம் இன்னிக்கு லீவு மேடம். திங்கக்கெழம கண்டிப்பா எடுத்துருவோம்."

"திங்கக்கெழம எடுத்து நாக்கு வழிக்கறதா? மூணு மணிக்குள்ள வேணுமுங்க. அந்தப் புள்ள சேரவே இல்ல, எப்படி ஏத்துனீங்க?"

"சம்மதம் இல்லாம நாங்க எதுவும் செய்யறதில்ல மேடம். உங்க ஃபார்ம்ல டிக் போட்டிருக்காங்களே. சேர்க்கைக்குச் சம்மதம்னு. நீங்க டிசைன் பண்ணினதுதானே?"

வாயில் வந்ததையெல்லாம் திட்டினேன். பாதியிலேயே அவர் வைத்துவிட்டார். அவமானத்தில் காது ரெண்டும் சுட்டது. அவள் என் கையிலிருந்த போனையே பார்த்தாள். பிறகு, "நான் எந்த டிக்கும் போடலீங்களேக்கா" என்றாள்.

"நாந்தான் போட்டு வெச்சேன். உங்களுக்கு வெரல்ல அமுக்க வரலைன்னு, முன்னாடியே விழுற மாதிரி பண்ணிட்டேன்."

"எல்லாத்துக்குமா?"

"எல்லாத்துக்கும்."

அவள் தலையை ஆட்டினாள். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். கணக்கில் எங்கே பிசகியது என்று கண்டுபிடித்த மாதிரி தலையை ஆட்டிவிட்டுக் கூடத்துக்குள் போய் உட்கார்ந்தாள். மூன்று மணி ஆனது. பேராசிரியை அம்மா எங்களைப் பார்த்தார். நான் கையை விரித்தேன். மூன்றேகால் வரைக்கும் பார்த்தார். பிறகு அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள். ஓர் அப்பாவும் மகளும் எழுந்து போனார்கள். வேதியியல் கிடைத்துவிட்டது என்று அந்த அப்பா போனில் யாருக்கோ சொல்லிக்கொண்டே வெளியே போனார். அந்த இடத்துக்கு அடுத்த சுற்று என்று ஒன்று இருக்கவில்லை.

திரும்பும்போது நானும் அவளோடு மலைக்கு ஏறினேன். மாமாவிடம் நேரில் சொல்ல வேண்டும், ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டும், என்னால்தான் போனது என்று சொல்ல வேண்டும். இப்படியெல்லாம் பஸ்ஸில் மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். பாதி வளைவு தாண்டியிருக்கும். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தவள் திரும்பினாள்.

"அக்கா, ஊருல கேட்டா நானே வேண்டாம்னு சொல்லிட்டேன்னு சொல்லிக்கறேனுங்க."

"ஏன்?"

"உங்களாலன்னு தெரிஞ்சா யாரும் மெமரி கார்ட வாங்க மாட்டாங்க. என்ற தங்கச்சி வர்ற வருசம் பத்தாவதுங்க. நீங்க அந்த வெப்சைட்ட நிறுத்தீராதீங்க. அந்த ஃபாரத்த மட்டும் எடுத்துருங்க."

வேண்டாம் கண்ணு, நான் சொல்லிக்கொள்கிறேன் என்றுதான் நான் சொல்லியிருக்க வேண்டும். அந்த வார்த்தை வாய் வரைக்கும் வரவில்லை. அதற்கு முன்னால் நெஞ்சுக்குள் ஒன்று லேசாக இறங்கியது. நிம்மதி. வெட்கமே இல்லாமல் எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த ஹாலையும், அந்த மேனேஜரையும், 'ஹாட்' என்று எழுதியவளையும் பார்த்தபோது வந்ததைவிடப் பெரிய அருவருப்பு அந்த நிமிஷம் என் மேலேயே வந்தது. வந்தும் ஒன்றும் ஆகவில்லை. "சரி" என்றேன்.

மலை மேல் செம்மேட்டில் பஸ் மாறி ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது மாமா வாசலில் மிளகைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தார். அக்கம்பக்கத்திலிருந்து நாலைந்து பெண்கள் என்ன ஆச்சு என்று கேட்க வந்து நின்றார்கள். அவள் கவரை மாமாவிடம் நீட்டினாள்.

"எனக்கு அந்தப் படிப்பு வேண்டாம்னுட்டு வந்துட்டேனுங்க மாமா."

மாமா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தார். "வேண்டாம்னியா? உனக்கு என்ன கொழுப்பு? அப்பன் ஆத்தா அங்க அட்டக்கடி வாங்கீட்டுக் கெடக்கறாங்க. இந்தப் புள்ள கடையப் பூட்டிப் போட்டு உனக்காக அலைஞ்சிருக்குது. நீ பவுசா வேண்டாம்னுட்டு வந்து நிக்கற" என்றார். வந்து நின்ற பெண்களில் ஒருத்தி, படிக்கிற திமிர் என்றாள். இன்னொருத்தி, யாரையாவது பார்த்து வைத்திருப்பாள் என்றாள். அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

மாமா அப்போதும் நம்பவில்லை. இவள் அப்படிச் சொல்லக்கூடியவள் அல்ல என்று அவருக்குத் தெரியும். என் பக்கம் திரும்பினார்.

"ஏங்கண்ணு, நெசமாவே இவதான் வேண்டாம்னாளா?"

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். மற்றவர்களும் பார்த்தார்கள்.

"ஆமாங்க மாமா" என்றேன்.